கருங்கடலுக்குப் போனவனும் மீனம்பாக்கத்தில் நின்றவர்களும்

நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் ஒரே வீட்டில் இருந்தால் சண்டைக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். மிக்ஸி மூடி போதும், வாசல் பல்பு போதும். எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் அந்தக் காரணம் கருங்கடலாக இருந்தது. காலடிப்பேட்டையில் கருங்கடலுக்காகச் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ரேஷன் கார்டுப்படி வீட்டில் மூன்று பேர். நான், என் தம்பி, அவன் பொண்டாட்டி. தம்பி சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்க்கிறான், வருஷத்தில் பாதிக்கு மேல் தண்ணீரில்தான் இருப்பான். அதனால் வீட்டில் நானும் அவளும்தான். அவள் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். எனக்கு எண்ணூர் போகும் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஏற்றுமதிப் பேப்பர் பார்க்கிற வேலை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம், நானே படவில்லை.

ரஷ்யா கிரைமியாவைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்ட வருஷம் எங்கள் சந்தில் அந்தச் செய்தி யார் காதிலும் விழவில்லை. அந்த வருஷம் எங்களுக்குப் பெரிய செய்தி, தம்பி கப்பல் வேலைக்கான சிடிசி புத்தகம் வாங்கியதுதான். அதை மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினேன். எங்கேயோ எவனோ எவன் நிலத்தையோ பிடித்தால் நமக்கென்ன என்றுதான் இருந்தோம். அப்புறம் அங்கே பெரிய யுத்தமே மூண்டது. வீட்டில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. யார்டில், அந்தப் பக்கம் போகிற சரக்குக்குப் போர் ஆபத்துக்கென்று தனியாக இன்சூரன்ஸ் கட்டச் சொல்லி மெயில் வர ஆரம்பித்தது. நிலத்தைப் பிடித்தவன் அதைச் சுற்றியிருக்கிற தண்ணீரையும் சேர்த்துத்தான் பிடிக்கிறான் என்று அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். சந்தில் எல்லோருக்கும் அவர் நைனாதான். எல்லை தாண்டியதாகச் சொல்லி ராமேஸ்வரம் படகுகளைப் பிடித்துப்போகிற செய்தி டிவியில் வந்தால், அவர் கத்துவது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும்.

"கடல்ல கோடு போட்டவன் எவன்யா? காட்டு பாக்கலாம் அந்தக் கோட்ட!"

இந்த நிலவரத்தில்தான் தம்பி ஒரு நாள் நடுக்கடலிலிருந்து கூப்பிட்டு, அடுத்து ரொமேனியாவில் மக்காச்சோளம் ஏற்றப் போகிறோம் என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் எதையும் சிரிக்காமல் சொன்னதில்லை.

"அது இன்னா கடலு?" என்றாள் அவன் பொண்டாட்டி.

"கடல்னா கடல்தான்மே. உப்பாத்தான் கீது."

எனக்குத் தெரியாதா என்ன கடல் என்று? கருங்கடல். யுத்தம் நடக்கிற கடலுக்குள் கப்பல் போகிறது என்றால் ஆட்களிடம் முதலில் சம்மதம் கேட்பார்கள். வரமாட்டேன் என்று சொல்லவும் உரிமை உண்டு. இவன் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அதை நான் போனிலேயே உடைத்துவிட்டேன். எதையாவது உள்ளே வைத்துக்கொள்ளத் தெரிந்தால்தானே எனக்கு.

அவன் சமாளித்துவிட்டுப் போனை வைத்தான். இடி என் தலையில் விழுந்தது.

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே அண்ணி. போவாதடான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு."

"உன் புருஷன்மே அவன். நீ சொல்றது."

"எனக்குத் தெரிஞ்சாத்தான சொல்லுவேன்!"

அதன் பிறகு பேச்சு குறைந்து பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன. குக்கர் மூடியை அவள் வைக்கிற சத்தத்திலேயே கப்பல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். கிளம்புவதற்கு முன்பே தம்பி எங்கள் போன்களில் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தான். வரைபடத்தைத் திறந்தால் அவன் இருக்கிற இடத்தில் அவன் முகம் ஒரு சின்ன வட்டத்துக்குள் தெரியும். அவன் போனில் எங்கள் முகங்கள் தெரியும். கப்பலில் நெட் கிடைக்கும்போதெல்லாம் வட்டம் நகரும். அவள் அரிசி களையும்போதும் அதைப் பார்ப்பாள், மருந்துக் கடையில் ஆள் இல்லாத நேரத்திலும் பார்ப்பாள். எனக்குக் கேட்கிற மாதிரி சுவரிடம், "சூயஸ் தாண்டிட்டாரு" என்பாள். நானும் சுவரிடமே, "சந்தோஷம்" என்பேன். வட்டம் கருங்கடலுக்குள் நுழைந்த பிறகு சுவரிடம்கூட அவள் எதுவும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் காபி கலந்துகொண்டிருக்கும்போது அவள் ஓடிவந்தாள். எங்கள் சண்டையை அவள் மறந்தே போயிருந்தாள்.

"அண்ணி, இங்க பாருங்க. இவரு ஏர்போர்ட்ல கீறாரு!"

பார்த்தேன். தம்பியின் முகம் தண்ணீரில் இல்லை. தரையில், விமானப் படம் போட்ட ஓர் இடத்தின் மேல் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் எழுதியிருந்த எழுத்து எங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. அவனைக் கூப்பிட்டுப் பார்த்தோம், லைன் போகவில்லை. அவனுடைய ஒப்பந்தமும் முடிகிற நேரம்தான். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது அவனுக்குப் பழக்கமும்கூட. போன தடவை தண்ணி கேன்காரர் மாதிரி குரல் கொடுத்துக் கதவைத் தட்டினான், அவள் கையில் காலி கேனோடு வந்து திறந்தாள்.

இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நைனாவிடம் போனைக் காட்டினோம். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல இன்னா சந்தேகம்? இறங்கிட்டான். வந்துகினு கீறான். புயல் மழையில கரையே தெரியாதப்ப என்னைய காசிமேட்டு வாயில கொண்டாந்து வுட்டது இந்த ஜிபிஎஸ்ஸுதான். மனுசன் பொய் சொல்வான் தங்கச்சி, ஜிபிஎஸ் சொல்லாது."

கடலில் போய்வருகிற மனிதரே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? அவள் காசிமேட்டுக்கு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் புகுந்து வஞ்சிரமும் எறாவும் வாங்கி, வெட்டிச் சுத்தம் செய்து கொண்டுவந்தாள். நான் எறா தொக்கு செய்தேன். எனக்குப் பாட வராது, ஆனாலும் அன்றைக்குப் பாடினேன். தம்பிக்கு எறா தொக்கு என்றால் உயிர். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவள் நான். அவன் கப்பலில் எதைத் தின்கிறானோ என்று தினமும் சாப்பிட உட்காரும்போது எனக்குத் தோன்றும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எந்த விமானம், எத்தனை மணிக்கு, ஒன்றும் தெரியாது. துபாயோ தோஹாவோ சுற்றிக்கொண்டு சாயங்காலத்துக்குள் எப்படியும் வந்துவிடுவான் என்று நாங்களாக ஒரு கணக்குப் போட்டோம். இந்தத் தடவை நாம் போய் அவனைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். எங்கள் ஊரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரே மெட்ரோ, மாறவேண்டியதில்லை. அவள் பட்டுப்புடவை கட்டவா என்று கேட்டாள். கட்டு என்றேன். பூவும் வைத்துக்கொண்டாள்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. சும்மா இருக்காமல் நான் என் போனில் வரைபடத்தைத் திறந்தேன். வட்டம் காலையில் பார்த்த இடத்திலேயே இருந்தது. அந்த ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்க்கலாமே என்று விரலால் சுருக்கினேன். கருங்கடலின் நடுவில் தொங்குகிற ஒரு நிலம் தெரிந்தது. அதன் எல்லைக்கோட்டை முழுசாகப் போடாமல் விட்டுவிட்டுப் போட்டிருந்தார்கள். அது ரொமேனியா இல்லை, கிரைமியா.

விமான நிலையத்தின் பேரைத் தேடிப் படித்தேன். யுத்தம் தொடங்கியதிலிருந்து அது பயணிகளுக்கு மூடிக்கிடக்கிறதாம். அங்கிருந்து துபாய்க்கும் விமானம் கிடையாது, எங்கேயும் கிடையாது.

மக்காச்சோளம் ஏற்றப்போனவன் அந்த இடத்தில் என்ன செய்கிறான்? கப்பலைப் பிடித்துவிட்டார்களா? இவனை மட்டும் இறக்கிக்கொண்டு போனார்களா? அடிபட்டிருக்கிறானா? பக்கத்தில் அவள் ரயில் கண்ணாடியில் பார்த்துப் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? ஊரெல்லாம் ஓட்டைவாய் என்று பேர் வாங்கியவள் நான். அன்றைக்கு மீனம்பாக்கம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் வாசலில் நல்ல கூட்டம். மாலையோடு சிலர், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிலர். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் எம்பிப் பார்த்தார்கள். நானும் எம்பினேன், எம்ப வேண்டுமே. இரண்டு மூன்று விமானத்துக் கூட்டம் வந்து கலைந்த பிறகுதான் கவனித்தேன், அவள் கதவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ சாப்புடலாமாமே?" என்றேன்.

அவ்வளவுதான், அவள் உதடு கோணிக்கொண்டது.

"அண்ணி, அங்கேர்ந்து பிளைட்டே வுடறதில்லயாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்பமே தெரியும்?"

"காசிமேட்லயே. மீன் வெட்டற வரைக்கும் சும்மா நின்னுகினு இருந்தேன் இல்ல, அப்ப தேடிப் பார்த்தேன்."

"தெரிஞ்சுமா பட்டுப்பொடவ கட்டிகினு வந்தே?"

"சொல்லலாம்னுதான் வூட்டுக்கு ஓடியாந்தேன். நீங்க வெங்காயம் அரிஞ்சிகினு பாடிகினு இருந்தீங்க. நீங்க பாடி நான் பார்த்ததே இல்ல அண்ணி. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது?"

அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. எனக்கும் ரயிலிலேயே தெரிந்துவிட்டது என்று சொன்னேன். அத்தனை பேருக்கு நடுவில் அவளைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் அவளைக் கட்டிக்கொண்டதில்லை. என்ன பெண் இவள் என்று இருந்தது. இவள் மேல் எனக்கு இவ்வளவு ஆசை இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

"புடிச்சிகினு பூட்டாங்களா அண்ணி?" என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டே கேட்டாள். வீட்டுக்குத் திரும்பிப் போக எங்கள் இருவருக்கும் கால் வரவில்லை. அங்கேயே ஒரு தூணோரம் உட்கார்ந்து, மாற்றி மாற்றி அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவனே கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னாக்கா, இத்தினி தபா கூப்ட்டு கீற?"

"எங்கடா கீற நீ?"

"எங்க கீறது? கப்பல்லதான். காத்தாலேர்ந்து நெட் இல்ல."

கத்தினேன். விமான நிலையம், கிரைமியா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவன் சிரித்தான்.

"அதுவா! எதிராளி ட்ரோனுக்கு வழி தெரியக்கூடாதுன்னு பொய் சிக்னல் வுடறாங்கக்கா. எங்களையும் சேர்த்துக் கொழப்புது. என் போனு மட்டும் இல்ல, கப்பல்ல கீற மெஷினே நாங்க ஏர்போர்ட்ல நிக்கிறோம்னுதான் சொல்லுது. கேப்டன் ரேடாரப் பார்த்து, கண்ணால பார்த்து ஓட்டறாரு. சரக்கு ஏத்தியாச்சு, கெளம்பிட்டோம்."

உயிர் திரும்பி வந்தது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் அதே சிரிப்போடு தொடர்ந்தான்.

"எகிப்துல எறக்கிட்டு திரும்ப இங்கயே ஒரு லோடுக்கு வரணுமாம். யார் யார் வர்றீங்கன்னு கேக்கறாங்க. ஒரு நட தானே, கையெழுத்து போட்டுடலாம்னு கீறேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் தலைக்கு மேல் ஒலிபெருக்கி எந்த ஊர் விமானத்தையோ அறிவித்தது.

"இன்னா சத்தம் அது? எங்க கீறீங்க?" என்றான்.

"வூட்லதான்," என்றேன்.

அவன் போனில் பார்த்திருக்க வேண்டும். மறுபடியும் சிரித்தான்.

"யக்கா, உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் மீனம்பாக்கம் ஏர்போர்ட்ல காட்டுது. அங்கயும் சிக்னல் கெட்டுப்பூடுச்சா?"

அவள் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"இங்க எல்லாம் ஒழுங்காத்தான் கீது," என்றாள். "உங்கள இட்டுகினு போவத்தான் வந்து நிக்கறோம்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. லைன் போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன். பிறகு அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கையெழுத்து போடமாட்டேன்மே," என்றான். "எனக்கும் பயமாத்தான் கீது. எகிப்துலயே எறங்கி வந்துடறேன்."