டெம்பரரி ராட்சசன்

எஸ்டேட் கிளப்பில் மார்க்கர் என்றால் பில்லியர்ட்ஸ் மேசையோரம் நின்று புள்ளி சொல்கிறவன், அதாவது தோற்றவர் திட்டுவதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றியவர்கள், கபடிக்கு விசில் ஊதியவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு புரியும். எழுபத்தெட்டு வாக்கில், மூணாறுக்கு மேலே இருந்த எங்கள் கிளப்பில் மழை ஒழுகி மேசைத் துணி பாழாய்ப் போனது. மேசையே இல்லை, டெம்பரரி மார்க்கர் எதற்கு என்று ஆபீசில் பேச்சு கிளம்பிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் லீவுக்கு வெளிநாடு போய்வந்த அசிஸ்டென்ட் மேனேஜர் சின்னத்துரை ஒரு பெட்டியை என் கையில் கொடுத்தார். உள்ளே பகடைகளும் ஒரு புத்தகமும் இருந்தன. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாலு பேராவது ஆடணும். ஆள் குறைஞ்சா உன் வேலையைக் காப்பாத்த என்னால ஆகாது."

ஆறு நாள் மனுசன்

ஆட்டம் இதுதான்: ஒவ்வொருவரும் வேறொரு ஆளாக மாறிப் பேச வேண்டும். குகைக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன். கதவை உடைக்கிறேன் என்றால் பகடை உருட்ட வேண்டும், நல்ல எண் விழுந்தால் கதவு உடையும். புத்தகத்தில் மனுசர்கள் சேர்ந்து பூதங்களை அடிப்பார்கள். நம்ம ஆட்கள் அப்படியெல்லாம் கட்டுப்படுவார்களா? பேக்டரியையே மிரட்டி வைத்திருந்த டீமேக்கர் ஞானமுத்து அண்ணாச்சி, எடுத்த எடுப்பிலேயே "நான் ராட்சசன்" என்றார். எஸ்டேட் பள்ளிக்கூடத்து ரோஸ்லின் டீச்சர் யட்சி. சின்னத்துரை இறக்கை வைத்த நாகம். டிஸ்பென்சரி கம்பவுண்டர் செல்லையா மட்டும், பாவம், வாள் வைத்த மனுசன். அண்ணாச்சி, இது மனுசர் ஆடுகிற ஆட்டம் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"வே, ஆறு நாளும் மனுசனாத்தான இருக்கேன், ஞாயித்துக்கிழமையும் அதேதானா?"

யட்சியும் இரும்பும்

ராட்சசனை ஆயுதம் தொடாது. யட்சி பறப்பாள், மயக்குவாள். நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கட்டிய குகையை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்பார்கள். எரிச்சலில் ஒரு சட்டம் போட்டேன்: இரும்புக்குப் பத்தடிக்குள் வந்தால் யட்சிக்குப் பாதி பலம். யட்சியை ஆணி அடித்து மரத்தில் நிறுத்துகிற ஊர் இது, டீச்சரும் ஒப்புக்கொண்டார்.

கம்பவுண்டரின் வாளும் இரும்புதான் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அவர் பக்கத்தில் வந்தாலே "தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க" என்று விரட்டினார்கள். கடைசியில் வாளைப் பிடுங்கிக்கொண்டு லாந்தரைக் கொடுத்துவிட்டார்கள். சட்டம் போட்டது யட்சிக்கு, அடி விழுந்தது மனுசனுக்கு. டீச்சரோ புதையல் பெட்டி முன்னால் நின்று வெகு நிதானமாகக் கேட்டார்:

"சாவி இரும்புன்னே வச்சுக்குவோம் மார்க்கர், கைக்குட்டையைச் சுத்திப் பிடிச்சா?"

லாந்தர்

மூன்று ஞாயிறு லாந்தர் பிடித்த கம்பவுண்டர் நாலாவது ஞாயிறு வரவில்லை. அவர் போனால் மூன்று பேர், அப்புறம் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். திங்கட்கிழமை காலையிலேயே டிஸ்பென்சரிக்கு ஓடினேன். மருந்து கலக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"டாக்டர் வந்தா இங்கயும் நான் லாந்தர்தான் பிடிக்கேன், அங்கயும் வந்து பிடிக்கணுமா தம்பி?"

கோரைப்பல்லுக்குச் சர்வீஸ்

வெட்கமாக இருந்தது. என் வேலையைப் பற்றியே நினைத்தேனே தவிர, அந்த மனுசனை நினைக்கவில்லை. யோசித்து யோசித்து, கடைசியில் எஸ்டேட் வழக்கமே கைகொடுத்தது. கொழுந்து கிள்ள வருகிற யாரும் முதல் நாளே பெர்மனன்ட் ஆவதில்லை, ராட்சசனுக்கு மட்டும் என்ன கொம்பா? சரி, கொம்பு இருக்கிறது. இருந்தாலும் முதல் நாள் அவன் குட்டிதான், மனுசனில் பாதி பலம்தான். விடாமல் பன்னிரண்டு ஞாயிறு ஆடினால் பெர்மனன்ட். நடுவில் ஒரு ஞாயிறு விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து. யட்சிக்கும் நாகத்துக்கும் இதே சட்டம், இரும்புச் சட்டம் ரத்து. மனுசனுக்கு முதல் நாளே முழுப் பலம்.

கம்பவுண்டர் திரும்பி வந்தார். அன்றைக்கே ராட்சசக் குட்டியை ஓநாயிடமிருந்து மீட்டுத் தோளில் தூக்கிவந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தோளில் இருந்த அண்ணாச்சிதான் யூனியன் கூட்டக் குரலில் கொதித்தார்:

"கோரைப்பல்லு இருக்குவே எனக்கு, என்னையப் போயி டெம்பரரிங்கியே!"

பெரிய துரை

மார்க்கர் வேலையை மூடுவதா வேண்டாமா என்று பார்க்க ஒரு ஞாயிறு எஸ்டேட் மேனேஜர் பெரிய துரையே வந்துவிட்டார். குடகுக்காரர், எஸ்டேட் தமிழ் நன்றாகப் பேசுவார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, "நானும் ராட்சசன். முழுசா" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விட்டுக்கொடுத்தால் கம்பவுண்டர் எழுந்து போவார், ஆட்டம் பழையபடி நாறும். மறுத்தால் நாளைக்கே என் சீட்டு கிழியும். "புது ராட்சசன் பன்னிரண்டு ஞாயிறு டெம்பரரி, துரை" என்றேன். அவர் சின்னத்துரை பக்கம் திரும்பினார்.

"பன்னெண்டா? அதுவரைக்கும் இவன் இருக்கட்டும்."

பதினோராவது ஞாயிறு

பெரிய துரை பத்து ஞாயிறு ஒன்றுவிடாமல் வந்தார். அவர் பெர்மனன்ட் ஆனால் என் வேலை முடிந்தது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பதினோராவது ஞாயிறு பாலம் தாண்டும்போது அவருடைய பகடையில் வெறும் ஒன்று என்ற எண் விழுந்தது. ராட்சசன் வழுக்கி ஆற்றோடு போனான், பத்து நாள் கழித்துத்தான் கரையேறுவான், ஆகவே அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் இல்லை என்றேன். எஸ்டேட்டில் டெம்பரரி ஆளுக்குப் பெர்மனன்ட் ஆகிற நாள் கணக்கு நிறைவாகப்போகிற சமயத்தில் இப்படித்தான் பத்து நாள் நிறுத்தி வைத்து, புது ஆள் மாதிரி மறுபடி சேர்ப்பார்கள். அந்த லிஸ்டில் கையெழுத்துப் போடுகிறவர் பெரிய துரை. பெரிய துரை பகடையை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"சர்வீஸ் பிரேக்கா? சரி, ஒண்ணுல இருந்து எழுது."

அவர் மாற்றலாகிப் போகும்வரை அந்த ராட்சசனும் பெர்மனன்ட் ஆகவில்லை, மார்க்கரும் ஆகவில்லை.