அரிசிக்கு மட்டும்தான் என்றேன்

திருத்தணியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருபவர்களுக்குச் சோறு போடும் அறக்கட்டளைக்கு வருடாவருடம் நன்கொடை கொடுப்பேன். ரசீது காட்டினால் வருமான வரியும் குறையும்.

போன வருடம் அவர்கள் செலவில் 'சம்பளம்' என்றும் ஒன்று இருப்பது தெரிந்து, நேரே போய்க் கத்தினேன். "அன்னதானத்துக்குக் குடுக்கற காசுல எவன் சம்பளம் வாங்கறான்? என் பணம் அரிசிக்கு மட்டும்தான்!"

நிர்வாகி செல்வி அசரவில்லை. "மலைப்படியில ஸ்ட்ரெச்சர் தூக்கற ஆளுங்களுக்குங்ணா."

"மயங்கி விழுந்தா பக்கத்துல இருக்கறவன் தூக்க மாட்டானா? இதுக்குக் கூலியா?" செக்கைக் கொடுக்காமலேயே வந்துவிட்டேன்.

கிருத்திகையன்று பாதி மலையில் என் மனைவி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். சுற்றிலும் அத்தனை பேர், எல்லார் தோளிலும் காவடி. யார் தூக்குவது? நான் தூக்கப் பார்த்து, அவளோடு உருளப் போனேன்.

விசில் கேட்டது. கூட்டம் இரண்டாகப் பிளந்து நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அவளைக் கிடத்திப் படியிறங்கினார்கள். முன்னால் போனவர்கள் தோளுக்கு உயர்த்த, பின்னால் வந்தவர்கள் இடுப்புக்குத் தாழ்த்த, அத்தனை படியிலும் அது துளிகூடச் சாயவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

அடிவாரத்தில் ஆம்புலன்சில் ஏற்றியதும் பணம் நீட்டினேன். ஒருவர் சிரித்தார். "வேணாம் நைனா, சம்பளம் வருது. வருஷம் பூரா மணல் மூட்டைய வச்சித் தூக்கிப் பழகிகினு இருக்கோம். திடீர்னு தூக்குன்னா வருமா இது?"

மனைவி பிழைத்துக்கொண்டாள். மறுவாரமே செக்கோடு போனேன்.

"அரிசிக்கு மட்டும்தானேங்ணா?" என்றாள் செல்வி. கிண்டல்தான்.

"முதல்ல அவங்க சம்பளத்த எடும்மா. மிச்சத்துல சோறு போடு."

இப்போது எந்த அறக்கட்டளைக்குக் கொடுத்தாலும் ஆட்களுக்கு என்ன சம்பளம் என்று கேட்கிறேன். ஒன்றுமில்லை என்றால்தான் கத்துகிறேன்.