கடிக்காத செவலை

எங்கள் செவலை யாரையும் கடித்ததில்லை. கிடை நாய்க்கு அது பெரிய குறை என்று சித்தப்பா நினைத்தார். செம்மறிகளை ஊர் ஊராக ஓட்டிப்போய், அறுத்த வயல்களில் உரத்துக்காக இராத்தங்க வைக்கும் கிடைதான் எங்கள் பிழைப்பு. போகிற ஊரிலெல்லாம் நாய்கள் இருந்தன. அவற்றைக் கண்டால் செவலை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கொட்டாவி விடும்.

“இது நாயா, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையா? இம்புட்டு வெக்கப்படுது!” என்பார் சித்தப்பா.

செம்பட்டியில் ஒருவரிடம் முரட்டு நாய் இருந்தது. அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்ததால் சாதுவான நாய் போதுமாம். செவலையைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வதாக சித்தப்பா செல்போனிலேயே பேசிவிட்டார். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் நான்காம் வகுப்போடு நின்றிருந்த நேரம். கிடை மாறும்போதெல்லாம் பள்ளிக்கூடம் மாற யாரால் முடியும்? விளையாட எனக்கு இருந்தது செவலைதான். அதன் காதைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

“ஒரே ஒரு கடி கடிச்சிரு அப்பு. சித்தப்பா பார்க்கிற மாதிரி கடி.”

மறுநாள் சாணார்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கு ஆடுகளை ஓட்டிப்போனோம். பாதிக்கு மேல் சினை ஆடுகள். மிரண்டு ஓடினால் சினை கலைந்துவிடும். இரண்டு பக்கமும் முள்வேலி போட்ட வண்டிப்பாதையில் நாலைந்து ஊர்நாய்கள் எதிரே வந்து நின்றன. முன்னால் நின்ற கறுப்பு நாய்க்குப் பிடரி மயிர் சிலிர்த்திருந்தது. வாலைக் கம்புபோல் தூக்கி நுனியை மட்டும் ஆட்டியது.

“பிடிறா! விடாத!” என்று சித்தப்பா கத்தினார். நானும் சேர்ந்து கத்தினேன்.

செவலை நேராகப் போகவில்லை. எதையோ தொலைத்ததுபோலத் தரையை மோந்துகொண்டு வேலியோரமாக வளைந்து போனது. பாதி வழியில் நின்று, விலாவைக் காட்டிக்கொண்டு, சிறுமலையைப் பார்த்தது. கறுப்பு நாய் வந்து பின்பக்கம் மோந்தது. செவலை அசையாமல் நின்றது. பிறகு தானும் மோந்தது. கறுப்பு நாயின் பிடரி மெல்லப் படிந்தது. வால் தாழ்ந்து, தளர்ந்து ஆடியது. உடனே செவலை முன்னங்கால்களை நீட்டிக் குனிந்தது. கறுப்பும் குனிந்தது. இரண்டும் வேலிச் சந்தில் புகுந்து தரிசுக்குள் ஓட, மற்றவையும் பின்னால் ஓடின. ஆடுகள் தம் பாட்டுக்கு நடந்து தோப்புக்குள் போய்விட்டன.

சித்தப்பா காறித் துப்பினார். “கூட்டாளி பிடிக்கவா இதுக்குச் சோறு போடுறோம்?”

“சண்டைதான் வேணும்னா நீங்க போயிக் கடிச்சிட்டு வாங்க, கொழுந்தனாரே” என்றாள் அம்மா.

செவலை செம்பட்டிக்குப் போய்விடும் என்று அழுதேன். சாயங்காலம் அப்பா ஒவ்வொரு சினை ஆட்டின் வயிற்றையும் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

“செம்பட்டிக்காரரை வேற நாய் பார்த்துக்கிறச் சொல்லிரு” என்றார் சித்தப்பாவிடம்.

என் கண்ணீரைப் பார்த்துத்தான் அப்பா மனம் இரங்கினார் என்று நினைத்தேன். செவலையைக் காப்பாற்றியது நான்தான் என்று பல வருடம் பெருமைப்பட்டேன். தை மாதத்தில் ஒரு சினையும் கலையாமல் குட்டிகள் விழுந்தபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பிறகு எத்தனையோ ஊர்களில் பஸ்ஸை விட்டிறங்கி, முகம் தெரியாதவர்கள் முன்னால் வேலை கேட்டு நின்றிருக்கிறேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போன இடங்களில் அடி வாங்கியதும் உண்டு. அன்று அந்த முள்வேலிப் பாதையில், அந்த ஊர்க்காரர்களிடம் முறையாகக் கேட்டு, எங்கள் அத்தனை பேருக்கும் வழி வாங்கிக் கொடுத்தது செவலை என்பது, “பிடிறா, விடாத” என்று கத்திய பிள்ளைக்குத் தெரியவில்லை.