சொட்டு மருந்தும் மூன்றரை மணி ட்ரிப்பும்

காலை ட்ரிப்பில் குடுமியான்மலையில் கடைசிப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு பள்ளி வேனைத் திருப்பும்போது, முன்கண்ணாடியில் நூலாம்படை ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். இறங்கித் துணியால் துடைத்தேன். உள்ளே வந்தும் துடைத்தேன். போகவில்லை.

“கண்ணாடி சுத்தமாத்தானே இருக்குண்ணே, எதைப் போட்டுத் தேய்க்கிறீங்க?” என்றார் வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மேரி.

நான் அங்கிட்டுப் பார்த்தால் நூலாம்படையும் அங்கிட்டுப் போனது. வலது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். அது என் இடது கண்ணுக்குள் இருந்தது. வண்டியை ஓரங்கட்டி, பள்ளிக்குப் போன் போட்டு வேறு டிரைவரை வரச் சொன்னேன். இந்த நோயில் நானாகச் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

எனக்குச் சர்க்கரை வந்து அப்போது ஒன்பது வருடம். ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, பாகற்காயும் கேப்பைக்கூழுமாக இருப்பேன். வெறும்வயிற்றுச் சர்க்கரை நல்ல பிள்ளையாக வந்துவிடும். அன்று மதியமே பரோட்டாக் கடைக்குப் போவேன். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போவதற்கு முதல் நாள் பெயின்ட் அடித்து, சான்று வாங்கியதும் பழையபடி ஓட்டுகிற டிரைவர் புத்தி. அதை என் உடம்பிலேயே காட்டினேன்.

வருடம் ஒருமுறை கண்ணையும் காட்டச் சொல்லி சர்க்கரை டாக்டர் எழுதிக் கொடுப்பார். கடைசி மூன்று வருடமும் போனேன். பலகையில் கடைசி வரி வரை எழுத்துகளைப் படித்தேன். அடுத்து பாப்பாவை (கண்மணியின் துளையை) விரிக்கும் சொட்டு மருந்து விடவேண்டும், நாலு மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வண்டி ஓட்டக்கூடாது என்பார்கள். “மூணரைக்கு ட்ரிப் இருக்குங்க” என்று எழுந்துவிடுவேன்.

“லீவு போடுங்க, நான் என் வண்டியில கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்” என்று என் மனைவி செல்வி ஒவ்வொரு முறையும் சொன்னாள். இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்தவன், மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அன்னவாசல் கடைத்தெருவில் போவதா? உண்மையான காரணம் அதுதான். ட்ரிப் ஒரு சாக்கு.

நூலாம்படை தெரிந்த அன்று புதுக்கோட்டையில் ஒரு கண் மருத்துவமனையில் மறுபேச்சில்லாமல் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். விழித்திரையில் (கண்ணின் பின்சுவரில் ஒளியை வாங்கும் மெல்லிய படலத்தில்) ரத்தக் குழாய்கள் கெட்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாக முளைத்த வலுவில்லாத புதுக் குழாய் ஒன்று உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது.

“போன வருஷம்கூட கடைசி வரி வரைக்கும் படிச்சேனே டாக்டர்?”

“நடுப்பகுதி கெடாத வரைக்கும் படிக்கலாங்க. சுத்தி எவ்வளவு கெட்டிருக்குன்னு சொட்டு விட்டு உள்ள பார்த்தாத்தான் எங்களுக்கே தெரியும்” என்றார் அந்த டாக்டரம்மா. பிறகு, வலது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்றார். லேசர் போட்டால் நடுப்பார்வையைக் காப்பாற்ற முடியும். ஆனால் ஓரப்பார்வையும் இருட்டில் பார்க்கும் திறனும் கொஞ்சம் குறையலாம்.

“ஓரம் தெரியாம எப்படிங்க வேன் ஓட்டுறது?”

செல்வி முந்திக்கொண்டாள். “வேனை வேற ஆளு ஓட்டிக்கிருவாங்க. ஒங்களுக்குப் பதிலா யாரு பாக்கிறது? நீங்க போடுங்க டாக்டர்.”

அன்று அவள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் லேசருக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு கண்ணுக்கும் பல தடவையாக லேசர் போட்டார்கள். தாடையைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்தால் பச்சை வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும். சில நேரம் சுருக்கென்று குத்தும், பொறுத்துக்கொள்ள முடியும். இடது கண்ணில் ஊசியும் போட்டார்கள். கசிந்த ரத்தம் வடிய மாதக்கணக்கானது. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) என்ற பரிசோதனையும் எடுத்தார்கள். அதை மூன்று நாள் பாகற்காயால் ஏமாற்ற முடியவில்லை. மாத்திரையை வேளை தவறாமல் போட ஆரம்பித்ததும், பரோட்டாவை விட்டதும் அதற்குப் பிறகுதான்.

ஆறு மாதத்தில் வலது கண் மறுபடியும் கடைசி வரியைப் படித்தது. இடது கண்ணில் புகை படிந்ததுபோல ஒரு மங்கல் நின்றுவிட்டது. வண்டி ஓட்டலாமா என்று டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை. பள்ளியில் வரச் சொன்னார்கள். சந்தோஷமாகச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“எம்புட்டு நேரமா காப்பிய வச்சுக்கிட்டு நிக்கிறேன், பாக்கலையா?” என்று இடப்பக்கத்திலிருந்து செல்வி கேட்டாள்.

நான் பார்க்கவில்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றிருந்தாள். வேனின் கதவு இடப்பக்கம். பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும் அந்தப் பக்கம்தான். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய், என்னிடம் இருந்த வேன் சாவியை ஆபீசில் கொடுத்தேன். மேரி அங்கேயே அழுதுவிட்டார். நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

இப்போது அதே பள்ளியில் வேன்களின் டயரும் பிரேக்கும் பார்க்கிற வேலை. இடப்பக்கம் யாரும் கூப்பிட்டால் முகத்தை முழுதாகத் திருப்பப் பழகிவிட்டேன். முன்பு எனக்குக் காலை ஏழேகால், மாலை மூன்றரை என்று இரண்டு நேரம்தான் உண்டு. இப்போது நாலு மாதத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டும் நாளை வைத்துத்தான் வருடம் நகர்கிறது.

அந்த நாளில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, செல்வியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்புவேன். எல்லாம் வெள்ளையாகக் கூசும். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்குவதை வைத்து, சித்தன்னவாசல் பிரிவு வந்துவிட்டது என்று கண்டுகொள்வேன். அன்னவாசல் கடைத்தெருவில் யாராவது கூப்பிட்டால் குரல் வந்த பக்கம் கையாட்டுவேன்.

வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்து, காப்பி குடிப்பதற்குள் மங்கல் விலகிவிடும். எதிரில் செல்வியின் முகம் தெளிவாகத் தெரியும். நாலு மணி நேரம் என்பது அவ்வளவுதான். மூன்று வருடம் அதைத்தான் நான் தரமாட்டேன் என்றேன்.