மீற்றர் விளக்கு எரியவில்லை

என் கணவர் பொய் சொல்வதில் கெட்டிக்காரர் அல்ல. கெட்டிக்காரராக இருந்திருந்தால் எனக்கு இன்னும் சில வருடங்கள் நிம்மதியாகக் கழிந்திருக்கும். அவர் போயும் போயும் ஒரு விஞ்ஞான ரீச்சரிடம் மின்சாரத்தை வைத்துப் பொய் சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அது எழுபதுகளின் தொடக்கம். திருகோணமலையில் உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான், அவர், அவருடைய தாயான என் மாமி. நான் பெண்கள் பாடசாலையில் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். அவர் கந்தளாயில் வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர். அங்கே தங்க ஓர் அறை கொடுத்திருந்தார்கள். திங்கள் விடியப் போனால் புதன் பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, வியாழன் காலை திரும்பிப் போவார். பிறகு வெள்ளி வேளைக்கே வேலை முடிந்து வெளிச்சத்தோடு வந்தால் திங்கள் விடியும்வரை வீடு. கலியாணம் முடித்த நாள் தொடக்கம் அதுதான் ஒழுங்கு. புதன்கிழமைக்கென்று நான் மீன் வாங்கி வைப்பேன்.

அவர் ஓடியது ஒரு பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போகும்போது விற்றுத் தள்ளியவற்றில் ஒன்று. எத்தனையோ கை மாறி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. ஹெட்லைற்றுக்கு மேலே அதற்கு இரண்டு மீற்றர்கள். ஒன்று வேகம் காட்டும். மற்றது, டைனமோ பற்றரிக்கு சார்ஜ் ஏற்றுகிறதா இல்லையா என்று காட்டும். இருட்டில் இரண்டையும் பார்க்க ஒரே ஒரு சின்ன பல்ப்.

ஒரு புதன்கிழமை அவர் வரவில்லை. வெள்ளி வந்து காரணம் சொன்னார்.

"மீற்றர் லைற் எரியேல்லை. டைனமோ சார்ஜ் பண்ணுதோ எண்டு பாக்க ஏலாது. நடுக் காட்டில பற்றரி இறங்கி ஹெட்லைற்றும் அணைஞ்சால், யானைக்கு முன்னால நிண்டு நான் என்ன செய்யிறது?"

நியாயமான கதைதான். கந்தளாய் வீதியில் பொழுதுபட்டால் யானை நிற்கும். அது ஊருக்கே தெரியும். நான் வாயைத் திறக்க முதலே மாமி முந்திக்கொண்டார்.

"ஒரு கிழமை வராட்டில் என்ன பிள்ளை? இருட்டில வரச் சொல்லி என்ர பிள்ளையைச் சாக்காட்டப் போறியோ?"

சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். நான் ஸ்குறூ டிறைவரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். பிள்ளைகளுக்கு நான் படிப்பிப்பது இதைத்தானே. பற்றரியிலிருந்து புறப்படுகிற மின், பல்பைக் கடந்து, திரும்பப் பற்றரிக்கு வந்து சேரவேண்டும். எங்கேயோ வழி அறுந்திருந்தால் விளக்கு எரியாது. மோட்டார் சைக்கிளில் திரும்பி வருகிற வழிக்குத் தனி வயர் கிடையாது, அதன் இரும்பு உடம்புதான் வழி. பல்பைக் கழற்றி ரோச் லைற் பற்றரிகளில் தொட்டுப் பார்த்தேன். மங்கலாக எரிந்தது. நல்லகாலம் என்று நினைத்தேன், ஏனென்றால் அந்த நாட்களில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடைகளில் இல்லை, பல்ப் போயிருந்தால் போனதுதான். பல்ப் குந்துகிற இடம் முழுக்கத் துரு. துறைமுகக் காற்றில் எங்கள் வீட்டு யன்னல் கம்பியே பொருக்குப் பொருக்காக உதிரும், இது எம்மாத்திரம். பழைய சவர பிளேட்டால் சுரண்டித் துடைத்துப் போட்டேன். எரிந்தது.

எனக்கு அன்றைக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. அவர் எழும்பும்வரை காத்திருந்து, தேத்தண்ணியோடு போய்ச் சொன்னேன். அவருடைய முகம் செத்துப்போயிற்று.

"உமக்கேன் உந்த வேலை? ரோட்டால போற சனம் பாத்தால் என்ன நினைக்கும்?"

ஆம்பிளை ரோசம் என்று நினைத்தேன். மோட்டார் சைக்கிளைப் பெண்சாதி திருத்திவிட்டாளே என்ற கூச்சம் என்று நினைத்து, உள்ளுக்குள் சிரித்தும் கொண்டேன். படித்த முட்டாள் என்று என்னை மாதிரி ஆட்களைத்தான் சொல்வார்கள்.

அடுத்த புதன் வந்தார். அதற்கடுத்த புதன் வரவில்லை. திரும்பவும் மீற்றர் விளக்கு. சனிக்கிழமை பார்த்தேன். பல்ப் இருக்கிற கூடு பின்பக்கமாகக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. "ரோட்டுக் குலுக்கம்" என்றார். அந்த வீதியில் ஓடினால் பல்லே கழன்றுவிடும், அதனால் அதையும் நம்பினேன். கூட்டை அழுத்தி நூலால் கட்டிவிட்டேன். கொஞ்ச நாள் ஒழுங்காக வந்தார். மீன் குழம்பு சாப்பிட்டார், பாடசாலைக் கதை கேட்டார், பழைய மனிதர்போலத்தான் இருந்தார். இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

மூன்றாம் முறை விளக்கு நின்றபோது கூடு இறுக்கமாகவே இருந்தது. துரு இல்லை. பல்பைக் கழற்றினேன். அதன் அடியில், மின் வருகிற முனையை மூடிக்கொண்டு, ஒரு சின்ன அட்டைத் துண்டு. சிகரெட் பெட்டியின் அட்டை. வட்டமாக, கத்தரிக்கோலால் அளவாக வெட்டப்பட்டிருந்தது.

குலுக்கத்தில் கூடு கழலலாம். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கலாம். ஆனால் அட்டை தன்பாட்டில் வட்டமாகி, பல்புக்கு அடியில் போய்ப் படுக்காது. முற்றத்தில் அப்படியே குந்திக்கொண்டிருந்தேன். என் காது இரண்டும் சுட்டது. எவ்வளவு காலமாக என்னை ஏமாற்றிப் பேய்க்காட்டியிருக்கிறார் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, பிறகு விட்டுவிட்டேன்.

ஏன் அப்போதே உள்ளே போய் அவரை உலுப்பி எழுப்பிக் கேட்கவில்லை என்று என் தங்கை பிறகு ஏசினாள். கேட்டால் பதில் வந்துவிடும், அதுதான் பயம். புதன்கிழமை இரவு ஒரு மனிதன் கந்தளாயில் தங்க எத்தனை காரணம் இருக்கமுடியும்? சீட்டாட்டமாக இருக்கட்டும், குடியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கணவன் குடிகாரனாக இருக்கவேண்டும் என்று கோயிலில் நின்று கேட்ட பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அட்டையை எடுத்தெறிந்துவிட்டு பல்பைப் பூட்டினேன். புதன்கிழமை அவர் இருட்டில் வந்து இறங்கியபோது மீற்றர் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பாடு போடச் சொன்னார். அட்டையை நான் கண்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். மாமி ஒருவர்தான் அன்றைக்கு வாயோயாமல் கதைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருமுறை வயரையே வெட்டியிருந்தார். ஹெட்லைற்றின் உள்ளே, கை போகாத இடத்தில். ஒரு சனிக்கிழமை முழுக்க மினக்கெட்டு, அறுந்த இரண்டு நுனிகளையும் முறுக்கி, கறுப்பு ஒட்டு ரேப் சுற்றினேன். அவர் வெட்டுவதும் நான் முடிச்சிடுவதுமாக எங்கள் குடும்பம் நடந்தது. ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும், அவருக்கு வெட்டத்தான் தெரியும், பொருத்தத் தெரியாது.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். புதன் வராமல் விட்டவர், வழக்கப்படி விளக்கை அறுத்திருக்கவேண்டியவர், வெள்ளி பொழுதுபட்ட பிறகு வந்து இறங்குகிறார், மீற்றர் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

"ஆர் திருத்தினது?"

"அங்க ஒரு கராஜில குடுத்துச் செய்விச்சனான்."

எரிகிற விளக்கைக் கழற்றிப் பார்க்க யாரும் வேலை மினக்கெடமாட்டார்கள். நான் மினக்கெட்டேன். அடுத்தநாள் மத்தியானம் அவர் குறட்டை கேட்டதும் ஹெட்லைற்றைத் திறந்தேன். என்னுடைய கறுப்பு ரேப் அங்கே இல்லை. வயர் நுனிகளைப் பின்னல்போலப் பிணைத்து, மேலே மெழுகுதிரி உருக்கி விட்டு, அதற்கு மேல் வாயில் என்கிற மெல்லிய பூப்போட்ட துணி சுற்றியிருந்தது. சட்டை தைத்து மிஞ்சிய துணி. சுற்றி முடிந்த இடத்தில் நூலால் நான்கைந்து பொடித் தையல். எந்த ஊர்க் கராஜிலும் இப்படித் தைத்துக் கொடுக்கமாட்டார்கள்.

அது என்னுடைய வேலையைவிட நன்றாக இருந்தது. அதுதான் முதலில் உறைத்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் விளங்கியது. சில மாதங்களாக ஞாயிறு பின்னேரங்களில் அவர் ஒரு நிலைகொள்ளாமல் வீட்டுக்குள் நடப்பார். வெளிக்கிடுவதுபோலச் சட்டையைப் போடுவார், பிறகு கழற்றிப்போட்டுப் படுத்துவிடுவார். திங்கள் விடியத்தான் போவார். அப்படியென்றால் ஞாயிறு இரவு வருகிறேன் என்று அங்கேயும் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார். வராமல் விட்டுவிட்டு, மீற்றர் விளக்கு எரியவில்லை, யானைக் காடு, இருட்டு என்று அங்கேயும் இதே கதையை விட்டிருக்கிறார். அவளும் நம்பியிருக்கிறாள். நம்பாமல் போன பிறகு, என்னைப்போலவே குந்தியிருந்து திருத்தியிருக்கிறாள். எனக்குப் புதன், அவளுக்கு ஞாயிறு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பொய் போதும் என்று நினைத்திருக்கிறார் மனிதர்.

அவள்மேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். வரவில்லை. அவளுடைய விரல்களை நினைத்து நினைத்து வெறுத்தேன்.

அவர் எழும்பி, மாமி ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையோடு முற்றத்துக்கு வந்தார்.

"எரியுதுதானே. பிறகேன் கழட்டி வைச்சிருக்கிறீர்?"

"சும்மா பாத்தனான்" என்றேன். "நல்ல வடிவாச் சுத்தியிருக்கிறா."

"கராஜில" என்று அவர் தொடங்கினார். நான் விரலால் அந்தப் பூப்போட்ட துணியைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். அதை அதுவரை அவர் பார்த்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். தேத்தண்ணியை ஊதி ஒரு மிடறு குடித்தார். ஆர் என்று கேட்பார், கோபப்படுவார், மாமியைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ தையல் படிச்சவ" என்றார்.

நான் செய்த எந்த வேலையைப் பற்றியும் ஒருநாளும் ஒரு நல்ல சொல் சொல்லாத மனிதர். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.