அடைக்கலநாதனின் ஞாயிற்றுக்கிழமைகள்

வலது பாதத்தில் திருக்கை மீனின் முள் ஏறிய புண் நாலு மாதமாய் ஆறவில்லை. குருநகர் அடைக்கலநாதன் தினமும் முக்கால் போத்தல் சாராயம் அடிக்கிற மனுசன். சத்திரசிகிச்சை வைத்தியர் பாதத்தை எடுக்க நாளே குறித்துவிட்டார். பாஸ்கு, அதாவது உயிர்த்த ஞாயிறு, கழிந்து எட்டாம் கிழமைக்குள் ஆறாவிட்டால் பாதம் போகும். பாதம் போனால் வள்ளத்தில் எப்படி நிற்பது?

குடிகாரரின் இரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டொக்டர் தக்சாயினிதான் காரணத்தை உடைத்துச் சொன்னார்.

“உங்கடை இரத்தத்திலை காவல் அணுக்கள் இருக்கு, அண்ணை. கிருமியைக் கண்டால் ஒண்டுக்கொண்டு சேதி அனுப்பவேணும். குடியாலை அது குழம்பிப்போச்சு. கிருமி இல்லாத நேரம் சும்மா கத்துதுகள். வந்த நேரம் பேசாமல் கிடக்குதுகள்.”

“எங்கடை வள்ளத்து ஜெயசுதன் மாதிரி! கரையிலை ஒரே சத்தம். வலை இழுக்கக் கூப்பிட்டால் ஆளில்லை.”

அன்றே இரத்தம் எடுத்தார்கள். குடியை விட்டால் வரும் நடுக்கத்துக்குக் குளிசையும் கொடுத்தார்கள். மறுநாள் பாஸ்குக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் தொடங்க, வருசா வருசம் போல அடைக்கலநாதன் குடியை விட்டார்.

பாஸ்கு முடிந்து மறுபடி சோதித்தார்கள். எடுத்த இரத்தத்தில் கிருமித் துணுக்கைக் கலந்தும் அணுக்கள் அசையவில்லை.

“குடிச்சனீங்களோ?”

“மாதாவாணை, தவக்காலத்திலை ஒரு சொட்டுத் தொடேல்லை!”

மனைவி ஸ்ரெல்லா முறைத்தாள். “அப்ப ஞாயிற்றுக்கிழமையளிலை?”

“ஞாயிறு தவக்காலத்திலை சேராது. அதை விட்டு எண்ணினால்தானேயப்பா நாற்பது வரும்!”

டொக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அந்தக் கணக்கு சுவாமிக்குத் தெரியும். அணுவுக்குத் தெரியாது, அண்ணை.”

அடைக்கலநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. இருந்த எட்டுக் கிழமையையும், ஞாயிறும் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஒரு ஞானஸ்நான வீட்டில் சாராயத்துக்குப் பதிலாய் நெல்லி ரசக் கிளாசோடு குந்தியிருந்தவரைப் பார்த்து ஜெயசுதன் கூவினான்: “அண்ணைக்குப் பால் போத்தல் குடுங்கோடா!”

“சிரியடா. என்ரை காவல்காரர் எழும்பட்டும், அப்ப கதைக்கிறன்.”

எழும்பினார்கள்! கடைசிச் சோதனையில் அணுக்களின் சேதியைக் காட்டும் கோடு விறுவிறுவென்று ஏறியிருந்தது.

“முழுக்க இல்லை. ஆனால் கூப்பிட்டால் கேக்குதுகள்,” என்றார் டொக்டர்; அவருக்கே குரல் உயர்ந்துவிட்டது. சத்திரசிகிச்சை வைத்தியர் கட்டை அவிழ்த்தார். சீழ் இல்லை, விளிம்பெல்லாம் இளஞ்சிவப்பாய்ப் புதுச்சதை. குறித்த நாளைப் புத்தகத்தில் அந்த இடத்திலேயே கோடிட்டு வெட்டிவிட்டார்.

அடைக்கலநாதன் ஆஸ்பத்திரி விறாந்தை முழுக்க நொண்டி நொண்டி ஓடினார்.

“மெல்லப்பா! விழப்போறியள்!”

“இண்டைக்கு என்ன கிழமை?”

“சனி.” ஸ்ரெல்லாவின் கண் சிறுத்தது. “ஏன்? நாளைக்கு ஞாயிறெண்டோ?”

“ஓம், நாளைக்கும் நெல்லி ரசம்தான். முறைக்காதை!”