என் விரலில் குத்தி அவருக்கு ரிசல்ட்

நான் மாசமாக இருந்தபோது, அரசு ஆஸ்பத்திரியில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுப்பதுபோல எனக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. "உங்க வீட்டுக்காரரையும் ஒருநாள் கூட்டிகினு வாங்கம்மா" என்றார் அங்கே ஆலோசனை சொல்லும் அக்கா. என் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

என் கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். பொதட்டூர்பேட்டையில் லுங்கி மூட்டை ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் போனால், திரும்பிவர நாள் கணக்காகும். அவரைத் தப்பானவர் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். வயிற்றில் ஓர் உயிரை வைத்துக்கொண்டு தெரியாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"உனக்கு இல்லன்னா எனக்கும் இல்லன்னுதானே அர்த்தம்? நான் இன்னாத்துக்குக் குத்திக்கணும்?" என்றார்.

ஒருவருக்கு இருந்தும் மற்றவருக்கு இன்னும் தொற்றாமல் இருக்கலாம். தெரிந்துவிட்டால் மாத்திரை போட்டுப் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்று அக்கா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கக் கிருத்திகை தவறாமல் மலையேறிய மனுஷன், ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

அவர் எடுத்துக்கொள்ளாததால், எட்டாம் மாதம் எனக்கு மறுபடியும் எடுத்தார்கள். மாமியார் முகம் மாறிவிட்டது. "ஒருவாட்டிதான் எடுத்தாச்சே, மறுபடி இன்னாத்துக்கு? நீ இன்னா பண்ண?" மாட்டேன் என்பது மகன், சந்தேகம் என்மேல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதுவும் இல்லை என்று வந்ததும் அவருக்கு ஒரே குஷி. "பாத்தியாம்மா, எனக்கு ஒண்ணுமே இல்ல!"

பெண் பிறந்தாள். பால் கொடுக்கும் காலத்தில் எனக்குத் தொற்றினால் பால் வழியாகக் குழந்தைக்கும் போகும் என்று சொல்லி அக்கா ஆணுறை கொடுத்தனுப்பினார். "கட்டின பொண்டாட்டிகிட்டயா?" என்று என் கணவர் அதைத் தூக்கி எறிந்தார். அன்றே அவர் பாயைக் கூடத்தில் போட்டேன்.

"அவன் ஏன் வெளிய படுத்துகினு கீறான்?" என்றார் மாமியார்.

"டெஸ்ட் எடுத்துகினு வரச் சொல்லுங்க அத்த, கதவத் தொறக்கறேன்." தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மகளுக்குப் பல் முளைத்துவிட்டது. பாய் இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் கொடுப்பதற்குப் பதில் இத்தனை மாதம் தனியாகக் கூடத்தில் படுக்கிறார் என்றால், அந்த மனுஷனுக்கு அப்படி என்ன பயம்? மகளை மடியில் போடும்போதெல்லாம் அதைத்தான் நினைக்கிறேன்.